இலைக்கு அடியில் ஒரு கை

என் தங்கை வீட்டுக் கூடத்தில் நிற்கும் ரப்பர் செடியை நான் ஒருநாளும் செடி என்று ஒத்துக்கொண்டதில்லை. ஆளுயரம் தாண்டி, கூரையில் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் ஜன்னல் பக்கம் வளைந்துகொண்ட ஒன்றைச் செடி என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு இலையும் என் செருப்பைவிடப் பெரியது. "மரத்தை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு செடின்னு சொல்லி எல்லாரையும் ஏமாத்துறீங்க" என்று கிண்டல் செய்வேன். வாங்கி வந்தது அவள் கணவர், திட்டுவதென்றால் அவரைத் திட்டு என்பாள் தங்கை.

அன்றைக்கு அந்த மரத்தைத் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாம் டைல்ஸ் தூசி. சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்குக் குளியலறைக் கதவை அகலப்படுத்தச் சுவரை இடித்தார்கள். வழுக்காத டைல்ஸ் வெட்டித் தரையில் பதித்தார்கள். வெட்டுகிற மெஷின் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதி சமையலறை டப்பாவுக்குள்கூடப் போய் உட்கார்ந்துகொண்டது. மேசை, அலமாரி, ஃபேன் எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. செடிப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. சுண்ணாம்பு அடித்துவிட்ட மாதிரி அது மூலையில் நின்றது.

அவ்வளவு பாடுபட்டுச் செய்த குளியலறையில்தான் மாப்பிள்ளை விழுந்தார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அதற்குச் சில மாதம் முன்பே பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. "ஆகட்டும்." கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. சாப்பிடுறீங்களா? ஆகட்டும். வலிக்குதா? ஆகட்டும். படுத்துக்கிறீங்களா? ஆகட்டும். சொல்லும்போது தலையும் தானாகவே கூட ஆடும். ஒருதடவை எரிச்சலில், "இந்த வீட்டைக் கொளுத்திட்டு எங்கயாவது போயிடலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அதற்கும் ஆகட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜன்னலைக் காட்டச் சொன்னார்கள், கதவைக் காட்டினார். கையைத் தூக்கச் சொன்னார்கள், வாயைத் திறந்தார். "பேச்சு மட்டும் இல்லீங்க. நாம சொல்றதும் அவருக்குப் போய்ச் சேரல" என்றார் டாக்டர். அந்தப் பேச்சை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே நம்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை.

குளியலறையில் அவர் விழுந்தபோது தங்கை தனியாகத் தூக்கப் பார்த்திருக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் பராமரிப்பு இல்லத்தைப் பற்றிய பேச்சு வந்தது. அவள் ஒன்றும் அவரைக் கேட்காமல் முடிவெடுக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். என் கண்முன்னாலேயே அவர் எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நல்ல இடத்துல சேர்க்கலாமா? நான் தினமும் வந்து பாக்குறேன்" என்று கேட்டாள்.

"ஆகட்டும்" என்றார்.

அவள் எழுந்து சமையலறைக்குள் போய் அழுதாள். "தூக்குறது ஒண்ணும் கஷ்டமில்லக்கா" என்றாள் என்னிடம். "அதுக்கு ஆள் வெச்சுக்கலாம். ஆனா தூக்கி உக்கார வெச்சா, உள்ள யாரும் இல்ல. யாரும் இல்லாத வீட்ல எத்தனை நாள்தான் நான் தனியா பேசிக்கிட்டு இருக்கிறது?"

நான் உதவிக்கு வந்து தங்கியிருந்தவள். வண்டி வந்து அவரை ஏற்றிப் போனதும் என் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவள்.

வண்டி மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. அவருடைய அறைக்கு வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரலாம் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். தங்கை யோசிக்கவே இல்லை. நாள் முழுக்க அவர் நாற்காலி அந்தச் செடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அது போகட்டும் என்றாள். "சுத்தம் பண்ணி மட்டும் வெச்சிடுக்கா" என்று சொல்லிவிட்டு, இல்லத்தில் அவர் அறைக்குத் திரைச்சீலை மாட்டக் கிளம்பிப் போனாள்.

ஆக, மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்துகொண்டிருந்த கூடத்தில் நானும் மாப்பிள்ளையும் மரமும் மட்டும். நான் பழைய துணி ஒன்றை எடுத்து, குனிவதை முதலில் முடித்துவிடலாம் என்று அடி இலையிலிருந்து ஆரம்பித்தேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. கணக்கு டீச்சராக இருந்தவள். காலியான வகுப்பிலும் பேசிப் பழகியவள். "உங்க செடியால என் முதுகு போகப்போகுது மாப்பிள்ளை. அங்க போய் யாரு இதைத் துடைக்கப் போறாங்களோ" என்று சுவரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே துணியை இலைமேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

யாரோ என்ன, அங்கே இருந்தது அவர் ஒருவர்தான். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதங்களில் அவராக ஒருவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இடது கை உடும்புப் பிடியாக இருந்தது.

"ஆகட்டும்!" என்றார்.

அது ஆகட்டும் இல்லை. கடையில் யாராவது கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தால் அவர் போடுவாரே ஒரு சத்தம், அது. தூசியிருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்பது அவருக்கு வேதம். முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி. என் விரலுக்கு அடியில் பார்த்தேன். டைல்ஸ் தூள் இலையின் பளபளப்பில் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"தண்ணியா?" என்றேன்.

"ஆகட்டும்." சத்தம் இறங்கிவிட்டது. கையையும் விட்டுவிட்டார்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். குருட்டாம்போக்கில் சரியான விடை எழுதிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் துணியை நனைத்தார். ஒரே கையால் கிண்ணத்தின் விளிம்பில் அழுத்திப் பாதி பிழிந்தார். பக்கத்தில் இருந்த இலையின் மேல்பக்கம், காம்போடு சேரும் இடத்தில், துணியைப் பிடித்துத் தண்ணீரைச் சொட்டவிட்டார். தண்ணீர் நடு நரம்பின் பள்ளம் வழியாக ஓடி, வெள்ளைச் சேறாகி, நுனியில் சொட்டியது. மறுபடி சொட்டவிட்டார். சேறு நீர்த்தது. அதற்கப்புறம்தான் துணியை இலைமேல் வைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே பக்கமாக. ஆனால் இலை நழுவி நழுவிக் கீழே போனது. அடியில் தாங்க இன்னொரு கை வேண்டும்.

மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். பிறகு என்னுடைய கையைப் பார்த்தார்.

"ஆகட்டும்" என்றார், மெதுவாக. துணியை மடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, இலைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். விரல்களை விரித்துவிட்டார், கொஞ்சம் உயர்த்தினார். இடம் சரியானதும் துணியை எடுத்தார்.

இலைக்கு அந்தப் பக்கம் அவருடைய விரல்கள் நடப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், நரம்பைத் தாண்டும்போது எப்படித் தூக்கி வைக்க வேண்டும் என்று அந்த விரல்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

துணி விலகியபோது அந்த இலை அப்படி ஒரு பச்சை. கறுப்புக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்த பச்சை. அதில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலின் கம்பிகள் தெரிந்தன. இரண்டு தலைகள் குனிந்திருப்பதும் தெரிந்தது. இத்தனை வருடம் கேலி பேசிய எனக்கு, ஒரு இலையைப் பார்த்துக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அடுத்த இலைக்குக் கையை நீட்டினேன். அவர் தலையை நிமிர்த்தி, துணி பிடித்த கையால் கூரைப் பக்கம் காட்டினார். மேலே துடைத்தால் அழுக்கு கீழேதானே விழும். மேலேயிருந்துதான் வர வேண்டும். கணக்கு டீச்சருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கிண்ணத்தை அலமாரி உச்சியில் வைத்துக்கொண்டேன். அவர் கீழேயிருந்து மேற்பார்வை. ஒரு இலையை அரைகுறையாக விட்டேன். "ஆகட்டும்" என்றார், மூக்கால். திரும்பத் துடைத்தேன். நன்றாக வந்தது, "ஆகட்டும்" என்றார், சாப்பாடு ருசித்த மாதிரி. உச்சியில் இன்னும் விரியாத இலை ஒன்று சிவப்பு உறைக்குள் சுருண்டு, கூர்மையாக நின்றிருந்தது. அதன்மேலும் தூசி. நான் துணியைக் கொண்டுபோனேன்.

"ஆ... கட்டும்." பதறிப்போய், வார்த்தையை இரண்டாக உடைத்துச் சொன்னார். தொடாதே என்பதை வேறு எந்த மொழியிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தண்ணீரை மட்டும் சொட்டவிட்டேன். சிவப்பு பளிச்சென்று வெளியே வந்தது.

ஒரே வார்த்தைதான். அதற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. நாங்கள் கேள்வியைக் கேட்டோம், வார்த்தையைக் கேட்டோம், போய்விட்டோம். அதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று நின்று கேட்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இருந்தும் என்னுள் இருந்த டீச்சர் விடவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், கண் ஜாடைகூட இருக்கக்கூடாது என்று அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்: "மாப்பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் செடிக்கு மண்டை முழுக்க இலை. தினமும் அது பக்கத்துலயே உக்காந்திருக்கிற உங்களுக்கு மட்டும் ஒரு முடி கூட ஏன் முளைக்க மாட்டேங்குது?"

பிறகு ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். வழுக்கைத் தலை குலுங்கிக்கொண்டிருந்தது. வாயின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறி, கண்ணில் தண்ணீர் வர, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆள் இருக்கிறார். இத்தனை மாதமும் உள்ளேயேதான் இருந்திருக்கிறார். கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் ஆள் இல்லை என்று நாங்கள்தான் திரும்பிப் போயிருக்கிறோம். ஒரு மனுஷன் இப்படித் திரும்பக் கிடைப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. இந்த மனுஷன் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாங்கள் என்னென்ன பேசியிருக்கிறோம்! அவர் குறட்டையைப் பற்றி, அவர் அக்காவின் வாயைப் பற்றி, கல்யாணத்தன்று அவர் போட்டிருந்த கோட்டைப் பற்றி. "சுவத்துக்குச் சாதம் ஊட்டுற மாதிரி இருக்கு" என்று நானே போனில் சொல்லியிருக்கிறேன், அவருக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே.

"எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்றேன்.

"ஆகட்டும்" என்றார் அவர், சாவகாசமாக. எனக்கு மானம் போயிற்று.

அப்புறம் நாங்கள் நிறுத்தவே இல்லை. அவர் கைக்கு எட்டுகிற உயரம் வந்ததும் அவர் மேலே, நான் அடியிலே. ஒரு இலையின் அடியில் கை வைத்தபோது ஏதோ மெத்தென்று பட்டது. திருப்பிப் பார்த்தேன். நடு நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. "இங்கயும் டைல்ஸ் தூள் ஏறியிருக்கு" என்று துடைக்கப் போனேன். அவர் என் விரலை நிறுத்தினார். குனிந்து, கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அதேபோல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார், தலையால். பார்த்தேன். அந்த வெள்ளைகளில் ஒன்று நகர்ந்தது.

மாவுப்பூச்சி. செடியைத் தின்றுகொண்டிருந்தது; தூசியோடு தூசியாக இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

அவர் சமையலறையைக் காட்டினார். ஓடினேன். எண்ணெய் கொண்டுவந்தேன், அலுப்போடு ஒரு ஆகட்டும். உப்பு கொண்டுவந்தேன்; தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஒரு ஆகட்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்ததும், "ஆகட்டும், ஆகட்டும், ஆகட்டும்" என்று நாற்காலியில் கையைத் தட்டினார். பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தோம். இதற்குள் துடைத்து முடித்துவிட்ட மேல் இலைகளின் அடியையும் பார்க்கச் சொல்லி என்னை மறுபடி ஸ்டூலில் ஏற்றினார். நான் முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

தங்கை வந்தபோது வெயில் தணிந்திருந்தது. செடி கூடம் முழுவதையும் தன் இலைகளில் வாங்கிக்கொண்டு நின்றது. அடியில் சேற்றுத் தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. அவர் சட்டை நனைந்திருந்தது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"அக்கா, போதும்க்கா" என்றாள். "எனக்கும் இப்படித் தோணியிருக்கு. ஒரு நாள் நான் அழுதப்போ என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு உயிரே வந்துச்சு. மறுநாள் பாத்தா, தலகாணியையும் அதே மாதிரி தடவிக்கிட்டு இருக்கார்."

"அது எப்போ? இப்போ அவர் சிரிச்சாருடி. ஜோக்குக்குச் சிரிச்சார்."

"நீ சிரிச்சிருப்பே. அதைப் பாத்து அவரும் சிரிச்சிருப்பார்."

"நான் சிரிக்கல. நான் ஜோக் சொன்னா சிரிக்கவே மாட்டேன், உனக்குத் தெரியாதா?"

"திரையெல்லாம் மாட்டிட்டு வந்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "இப்போ வந்து இப்படிச் சொல்றே. நாளைக்கு அவர் மறுபடி ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தா, அப்போ நான் என்ன பண்ணுவேன்? என்னால ரெண்டாவது தடவை முடியாதுக்கா."

அதுதான் விஷயம். அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, நம்பப் பயம். எனக்கு அது அப்போதுதான் புரிந்தது.

"தூக்குறதுக்கு ஆள் பாப்போம். நான் எங்கயும் போகல, இங்கயே இருக்கேன்" என்றேன். "அவர் உள்ள இருக்காரா இல்லையான்னு நீ என்னைக் கேக்காதே. அவரையே கேளு. கேட்டுட்டு ஓடாதே. நின்னு பாரு."

அவள் பையை இறக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவர் எதிரே பிரம்பு மோடாவில் உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி இன்னும் அவர் இடது கையில் இருந்தது.

"என்னங்க" என்றாள். "நாளைக்கு வண்டி வருது. நீங்க அங்க போய் இருக்கீங்களா?"

அவர் வாய் திறந்தது. தலை ஆட ஆரம்பித்தது. அந்த வார்த்தை அவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை; அது தானாக வருவது. வரப்போகிறது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "ஆ" என்ற சத்தம் தொண்டையிலிருந்து கிளம்பிவிட்டது.

துணியைக் கீழே போட்டார். சேறும் சோப்புமாக இருந்த இடது கையைத் தூக்கி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

இறுக்கிப் பொத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை உள்ளே முட்டியது, அவர் விடவில்லை. கண் மட்டும் தங்கையின் முகத்தை விட்டு நகரவில்லை. கன்னத்தில் வெள்ளைச் சேறு வழிந்தது.

தங்கை எழுந்து ஓடவில்லை. நின்று பார் என்று சொன்ன நானே பார்க்க முடியாமல் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேண்டாமா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. "போக வேண்டாமாங்க?"

திரும்பினேன். அவர் கையை மெதுவாக வாயிலிருந்து எடுத்தார்.

"ஆகட்டும்" என்றார்.